நீச்சல் குளத்து ஓரக்கல்லில் வெள்ளைப் பத்து: ஆசிட் ஊத்தலாமா?

வள்ளியூர் தோட்டம்

எல்லாருக்கும் வணக்கம். வள்ளியூர் பக்கம் தோட்டத்து வீட்டில் ஒரு சின்ன நீச்சல் குளம். 8 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம், ஆழம் சராசரி 1.3 மீட்டர். சுத்திலும் ஓரக்கல் பாலிஷ் போட்ட கருப்புக் கடப்பா. இறங்குற படி மூணும் சொரசொரப்பான சாம்பல் நிறக் கிரானைட். வடக்குச் சுவரில் மஞ்சள் மணற்கல் ஒட்டியிருக்கு. மேலே உள்ள தொட்டி நிரம்பி அந்தக் கல் மேலே தண்ணி வழிஞ்சு விழும்.

ஊத்துறது போர் தண்ணி, கடினத்தன்மை 700 பி.பி.எம். (லிட்டருக்கு 700 மி.கி.). இப்போ குளத்துத் தண்ணியைச் சோதிச்சதில் கடினத்தன்மை 850, மொத்தக் காரத்தன்மை 260, பி.எச். 8.0, டி.டி.எஸ். (கரைஞ்சிருக்கிற மொத்த உப்பு) 1,900. குளோரினுக்கு வாரம் ரெண்டு தடவை ப்ளீச்சிங் பவுடர் போடுறாங்க.

வெள்ளை மூணு விதமா இருக்கு. தண்ணி மட்டம் நிக்கிற இடத்தில் ரெண்டு அங்குல அகலத்துக்குப் பட்டையா, நகத்தால் சுரண்டினாலும் வராத பத்து (கெட்டிப் படிவு). ஓரக்கல்லின் மேல்பக்கம் தண்ணி தெறிச்சுக் காய்ஞ்ச இடமெல்லாம் வட்ட வட்டமா புள்ளி. மணற்கல் சுவரில் இணைப்புகளிலிருந்து கீழ்நோக்கி ஒழுகின மாதிரி வெள்ளைக் கோடு.

பராமரிப்புக்கு வந்தவர் பாத்ரூம் கழுவுற ஆசிட்டை அப்படியே ஒரு மூலையில் ஊத்தித் தேய்ச்சார். பொங்கி நுரைச்சுது. பத்து போச்சு, ஆனா காய்ஞ்ச பிறகு அந்த இடம் மொத்தமும் சாம்பல் பூத்து நிக்குது. மறுபடி ஊத்தினா சரியாகும்ங்கிறார். ஊத்தலாமா? மூணு கல்லுக்கும் ஒரே மருந்தா, வேற வேறயா? அளவோட சொன்னா உதவியா இருக்கும்.

கல் பாலிஷ், பாளை

அண்ணாச்சி, முதல்ல அந்தப் பாட்டிலை மூடி வைங்க. மறுபடி ஊத்தினா இன்னும் வெளுக்குமே தவிர கருக்காது.

கடப்பா சுண்ணாம்புக் கல். ராஜஸ்தான்லருந்து வர்ற கோட்டாவும் அப்படித்தான், மார்பிளும் அதே வகைதான். உங்க கல் மேல படிஞ்சிருக்கிற பத்து கால்சியம் கார்பனேட். அடியில இருக்கிற கல்லும் பெரும்பாகம் கால்சியம் கார்பனேட். ஆசிட்டுக்கு இது பத்து, அது கல்லுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியாது. பத்து கரைஞ்ச அடுத்த நொடி பாலிஷைத் தின்ன ஆரம்பிச்சிருது. அந்தச் சாம்பல் பூத்தது படிவு இல்ல. கல்லோட மேல்தோல் அரிச்சுச் சொரசொரப்பாகி, வெளிச்சத்தைச் சிதறடிக்குது. தண்ணி தெளிச்சா கருப்பாத் தெரியும், காய்ஞ்சா மறுபடி வெளுக்கும்.

ஒரு தொல்லை என்னன்னா, படிவும் ஈரத்துல மறைஞ்சு காய்ஞ்சா தெரியும். அதனாலதான் நிறையப் பேர் அரிப்பைப் பத்துன்னு நினைச்சு மேல மேல ஆசிட் ஊத்துதாங்க. பிரிச்சுப் பாக்கிற வழி சொல்லுதேன். கல் காய்ஞ்சிருக்கும்போது வெள்ளையோட விளிம்பை நகத்தால குறுக்க இழுங்க. நகம் ஒரு படியில தட்டுனா பத்து. தட்டாம வழுக்கிட்டுப் போய், நடுவுல மட்டும் லேசா சொரசொரன்னு இருந்தா அரிப்பு. அடுத்தாப்புல, டார்ச்சைக் கல்லோட ஒட்டிச் சாய்வா அடிச்சுப் பாருங்க. பத்துக்கு நிழல் விழும், அரிப்புக்கு விழாது.

எந்தக் கல்லா இருந்தாலும் கைவைக்கிறதுக்கு முன்னால ஒரு சோதனை. யார் கண்ணுலயும் படாத இடத்துல, இல்லன்னா வேலையில மிஞ்சிப்போன துண்டுல, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சுத் துடைச்சு, கழுவி, காயவிட்டுச் சாய்வாப் பாருங்க. பளபளப்புப் போயி காசு அளவுக்கு மங்கலா வட்டம் தெரிஞ்சா அது சுண்ணாம்பு கலந்த கல். அதுல ஆசிட், வினிகர், எலுமிச்சை, புளி எதுவும் வேண்டாம். கிரானைட்ல ஒண்ணும் ஆகாது. மணற்கல்லைக் கண்ணால பாத்துச் சொல்லவே முடியாது. மணலை மணலோட ஒட்டவச்சிருக்கிறது சிலிக்காவா சுண்ணாம்பாங்கிறது கல்லுக்குக் கல் மாறும். சுண்ணாம்பா இருந்தா ஆசிட் பட்டதும் மணல் மணலா உதிரும்.

உங்க கடப்பாவுக்கு வழி இதுதான்.

தண்ணி மட்டத்தை 20 செ.மீ. இறக்குங்க. வெயில் ஏறுறதுக்கு முந்தி, கல் குளுந்திருக்கும்போது வேலையைத் தொடங்கணும். பட்டையை நல்லா நனைச்சு, ஜன்னல் கண்ணாடிப் பெயிண்ட் சுரண்டுற அகலமான பிளேடை 20, 30 டிகிரிக்கு மேல தூக்காம, கல்லோட படுக்க வச்சு ஒரே திசையில தள்ளுங்க. பிளேடு கல்லை விடக் கடினம், நிமிந்தா கீறிரும். தண்ணி சொட்டிக்கிட்டே இருக்கணும். முனை மழுங்குனா பிளேடை மாத்திரணும். மழுங்குன பிளேடுதான் அழுத்தச் சொல்லும், அழுத்துனா கோடு விழும். உருட்டி விட்ட ஓரத்துல பிளேடு நிக்காது, அங்க மூங்கில் சிம்பைத் தட்டையாச் சீவி வச்சுக்கிடுங்க. கம்பி பிரஷ் வேண்டவே வேண்டாம். கீறுறது போக, ஒடைஞ்ச இரும்புத் துணுக்கு சந்துல மாட்டிக்கிட்டுப் பத்து நாள்ல துருக்கறை விட்டுரும். பியூமிஸ் கல்லை டைல்ஸுக்குச் சொல்லுவாங்க, பாலிஷ் போட்ட கடப்பாவுக்கு அதுவும் ஆகாது. கடப்பாவை விட அது கடினம்.

பிளேடுல முக்கால்வாசி போயிரும். மிஞ்சுற மெல்லிய படலத்துக்கு டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ.ங்கிற தூள். லேப் சாமான் விக்கிற கடையில கிடைக்கும். ஒரு லிட்டர் தண்ணிக்கு 100 கிராம் கரைச்சு, கயோலின் களிமண்ணோ கிழிச்ச டிஷ்யூ பேப்பரோ சேத்துச் சப்பாத்தி மாவுப் பதத்துக்குப் பிசைஞ்சு, ஒரு செ.மீ. கனத்துக்கு அப்பி, மேல பிளாஸ்டிக் தாளை ஒட்டிருங்க. ரெண்டு மணி நேரத்துல ஒரு ஓரத்தைத் தூக்கிப் பாருங்க. நாலு மணிக்கு மேல வைக்காதீங்க, ராத்திரி முழுக்க விட்டுட்டுப் போகவே கூடாது. இது ஆசிட் இல்ல, காரம். ஆனா கால்சியத்தைப் பிடிச்சு இழுக்கிற வேலையைக் கல்லுலயும் மெதுவாச் செய்யும். கையுறை போட்டுக்கிடுங்க. காயவிடாம எடுத்து, நல்ல தண்ணியில மூணு தடவை கழுவுங்க.

சுரண்டாம நேரா இதை அப்பலாமான்னு கேப்பீங்க. கணக்குப் பாத்தா கட்டாது. அரை மி.மீ. பத்து ஒரு சதுர அடியில சுமார் 100 கிராம் இருக்கும். அதைப் பிடிச்சு எடுக்க இ.டி.டி.ஏ. கிட்டத்தட்ட 400 கிராம் செலவாகும். உங்க குளத்துச் சுத்தளவு 24 மீட்டர், பட்டை ரெண்டு அங்குலம், அதுவே 13 சதுர அடி. கிலோக் கணக்குல வாங்கணும். படலத்துக்கு மட்டும் வச்சுக்கிட்டா அரைக் கிலோவுல முடிஞ்சிரும்.

ஆசிட் பட்ட மூலைக்கு எந்த மருந்தும் கிடையாது, மறுபாலிஷ்தான். தண்ணி விட்டு ஓடுற சின்ன பாலிஷ் மெஷின்ல நாலு அங்குல டைமண்ட் பேட் மாட்டி 200, 400, 800, 1500, 3000-ன்னு வரிசையா ஏறணும். நடுவுல ஒரு நம்பரைத் தாண்டினா முந்தின நம்பரோட கீறல் கடைசிப் பளபளப்புல எட்டிப் பாக்கும். அரிப்பு லேசா இருந்தா 400-லருந்தே தொடங்கலாம். ஒரு மூலையை மட்டும் போட்டா பக்கத்துக் கல்லோட நிறம் சேராது, அந்தக் கல் முழுசையும் இணைப்புலருந்து இணைப்பு வரைக்கும் போட்டுருங்க.

இன்னொண்ணு, மெஷின் கொண்டு வர்றப்போவே ஓரக்கல் மேல்பக்கம் மொத்தத்தையும் 400-லயே நிறுத்தச் சொல்லுவேன். ஈரக்கால் படுற இடத்துல கண்ணாடிப் பாலிஷ் இருக்கவே கூடாது, பிள்ளைங்க ஓடுற இடம். மெஷினுக்குக் கரெண்ட் எடுக்கிற லைன்ல 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரெண்ட் கசிஞ்சா லைனைத் துண்டிக்கிற ஸ்விட்ச்) இருக்கான்னு பாக்காம ஸ்விட்ச் போட விடாதீங்க. அரைச்ச சேறு குளத்துக்குள்ள போகாம தார்ப்பாய் விரிச்சுக்கிடுங்க.

வெளுத்த கல்லுல தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுவாங்க. ஒரு வாரம் கருப்பாத் தெரியும். அப்புறம் எண்ணெய் தண்ணியில இறங்கி, மட்டத்துக் கோட்டுல அழுக்கோட பிசுக்கா ஒட்டி, பத்து படிய அதுவே இடம் கொடுக்கும். செய்யாதீங்க.

குளப் பராமரிப்பு, தென்காசி

கடப்பா பற்றி மேலே சொன்னதில் மாற்றமில்லை. கிரானைட் படிக்கு நான் சொல்கிறேன்.

கிரானைட்டில் அமிலம் பயன்படுத்தலாம். ஆனால் பாட்டில் ஆசிட் வேண்டாம். அது ஹைட்ரோகுளோரிக். அதன் புகை ஏணியின் எவர்சில்வர் குழாயையும் விளக்கு வளையத்தையும் துருப்பிடிக்க வைக்கும். கிரானைட்டிலேயே இரும்பு கலந்த கனிமம் இருந்தால் மஞ்சள் கறையை வெளியே இழுத்துவிடும். சல்ஃபாமிக் அமிலம் வாங்குங்கள். தூளாக வரும், புகையாது, கரைத்த அன்றே பயன்படுத்த வேண்டும்.

வாளியில் தண்ணீரை ஊற்றிய பிறகுதான் தூளைப் போட வேண்டும். மெல்லிய படிவுக்கு லிட்டருக்கு 50 கிராம், தடித்ததற்கு 100 கிராம். பிளாஸ்டிக் வாளி மட்டும். கால்வனைஸ் தகரமோ அலுமினியமோ கூடாது. படியையும், முக்கியமாகப் படிக்கல்லின் இணைப்புச் சிமெண்டையும், முதலில் நல்ல தண்ணீரால் ஊறவிடுங்கள். இணைப்பு காய்ந்திருந்தால் அமிலத்தை உறிஞ்சிக்கொண்டு உள்ளேயே அரிக்கும். தண்ணீர் குடித்து நிறைந்திருந்தால் மேலோடு போகும். நைலான் பிரஷ்ஷால் தடவி 5 முதல் 10 நிமிடம் விடுங்கள். பொங்குவது நின்றால் படிவு தீர்ந்துவிட்டது என்று அர்த்தமில்லை, அந்த அமிலத்தின் சக்தி தீர்ந்திருக்கலாம். வழித்துவிட்டு, புதிதாகக் கொஞ்சம் தடவிப் பாருங்கள். மறுபடி பொங்கினால் இன்னும் மிச்சமிருக்கிறது. ஒரு கிலோ சல்ஃபாமிக் ஏறக்குறைய அரைக் கிலோ சுண்ணாம்புப் படிவைக் கரைக்கும், அதை வைத்து எவ்வளவு வாங்குவது என்று கணக்கிடலாம்.

புதிதாகத் தடவியும் பொங்காத, கண்ணாடி போல் சாம்பல் வெள்ளையான பத்து இருந்தால் அது சிலிகேட்டாகவோ ஜிப்சமாகவோ இருக்கும். அதற்காக அமிலத்தின் அளவைக் கூட்டாதீர்கள். சிலிக்காவைக் கரைக்கும் ஃப்ளோரைடு கலந்த திரவங்கள் தோலில் பட்டால் உடனே எரியாமல் உள்ளே இறங்கி எலும்பு வரை பாதிக்கும். வீட்டில் வைத்துக்கொள்ளும் பொருளே அல்ல. சொரசொரப்பான கிரானைட் என்பதால் அங்கே ஈரப் பியூமிஸ் கல்லால் தேய்க்கலாம்.

சிட்ரிக் அமிலம் மளிகைக் கடையிலேயே கிடைக்கிறதே என்று தோன்றும். அது சுண்ணாம்போடு சேர்ந்து கால்சியம் சிட்ரேட் ஆகிறது. அது தண்ணீரில் லேசில் கரையாது. தடவிவிட்டுக் காயவிட்டால் பழைய வெள்ளை போய்ப் புது வெள்ளை வந்து நிற்கும். பயன்படுத்தினால் லிட்டருக்கு 50 கிராமுக்கு மேல் போகாமல், ஐந்து நிமிடத்தில் வழித்துக் கழுவிவிட வேண்டும்.

முடித்ததும் லிட்டருக்கு 50 கிராம் சமையல் சோடா கரைத்து ஊற்றுங்கள். நுரை வராமல் நின்ற பிறகு நல்ல தண்ணீர். கழுவிய தண்ணீரை வாழைக்கும் தென்னைக்கும் விடக் கூடாது. படியில் வேலை செய்யும்போது கழுவிய தண்ணீரில் கொஞ்சம் குளத்தில் விழத்தான் செய்யும், அதனால் பாதகமில்லை.

பாதகம் வேறு இடத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் ப்ளீச்சிங் பவுடரும் இருக்கிறது, ஆசிட்டும் இருக்கிறது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு. ஒரே அறையில் வைக்காதீர்கள், ஒரே வாளியையும் ஒரே பிரஷ்ஷையும் பயன்படுத்தாதீர்கள். பவுடர் சிந்திய தரையை ஆசிட்டால் கழுவுவதும் அதே ஆபத்துதான். ஆசிட் வேலைக்கு முந்தைய நாளே பவுடர் போடுவதை நிறுத்திவிடுங்கள். கண்ணாடி, ரப்பர் கையுறை, முழங்கால் வரை பூட்ஸ் மூன்றும் வேண்டும்.

நீர்ச்சோதனை

கல்லைப் பற்றி இருவரும் சொல்லிவிட்டார்கள். ஆனால் இந்தத் தண்ணீரை இப்படியே விட்டால் எல்லாம் முடித்த ஆறு மாதத்தில் அதே பட்டை திரும்ப வரும். நீங்கள் கொடுத்த எண்களே அதைச் சொல்கின்றன.

தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா, கரைக்குமா என்பதற்கு 1936-இல் லாங்கலியர் வகுத்த ஒரு கணக்கு இருக்கிறது. பி.எச். எண்ணோடு வெப்பம், கடினத்தன்மை, காரத்தன்மை மூன்றுக்கும் உரிய எண்களைக் கூட்டி, டி.டி.எஸ். 1,000-க்கு மேல் இருந்தால் 12.2-ஐக் கழிக்க வேண்டும். 30 டிகிரி வெப்பத்துக்கு 0.7. கடினத்தன்மை 850-க்கு 2.5. காரத்தன்மை 260-க்கு 2.4. உங்களுக்கு வருவது:

8.0 + 0.7 + 2.5 + 2.4 − 12.2 = 1.4

பூஜ்ஜியத்தை ஒட்டி இருந்தால் சமநிலை. 0.3-க்கு மேல் போனாலே படியத் தொடங்கும். 1.4 என்றால் படிய இடம் தேடிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் விழும் சுவர்தான் அதற்கு முதல் இடம். விழும்போது தண்ணீரில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு காற்றில் கலந்துவிடுகிறது, அந்த இடத்தில் பி.எச். இன்னும் ஏறுகிறது.

850 எப்படி வந்தது என்பதையும் பாருங்கள். குளத்தின் பரப்பு 32 சதுர மீட்டர். நம் பக்கத்து வெயிலில் ஒரு நாளைக்கு 6 மி.மீ. ஆவியாகிறது என்று வைத்தால் 190 லிட்டர். தண்ணீர்தான் போகிறது, உப்பு போவதில்லை. அதற்கு ஈடாக 700 பி.பி.எம். போர் தண்ணீர் 190 லிட்டர் விடுகிறீர்கள். தினம் 133 கிராம் சுண்ணாம்பு, மாதம் 4 கிலோ. 42,000 லிட்டர் குளத்தில் அது மாதத்துக்கு 95 பி.பி.எம். ஏற்றம். ஆனால் சோதனையில் 850-தான் காட்டுகிறது. மீதி எங்கே போனது? ஃபில்டரை எதிர்த்திசையில் கழுவும் பேக்வாஷ் தண்ணீரோடு கொஞ்சம் போயிருக்கும், மற்றதெல்லாம் உங்கள் கல் மேலும், குழாய்க்குள்ளும், ஃபில்டர் மணலிலும் இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடரும் இதோடு சேர்கிறது. அதில் குளோரினோடு சுண்ணாம்பும் வருகிறது.

நம் திருநெல்வேலி மாவட்டத்தில் சுண்ணாம்புப் பாறை ஓடும் இடங்கள் பல. தாழையூத்தில் 1949-இல் சிமெண்ட் ஆலை ஓடத் தொடங்கியதே அந்தப் பாறையை நம்பித்தான். பணகுடிப் பக்கமும் அந்தப் பாறை உண்டு. அதன் வழியாக ஊறி வரும் போர் தண்ணீரை இன்னும் ஆழமாகத் துளைத்து மென்மையாக்க முடியாது.

கடினத்தன்மையைக் குறைக்க எந்த மருந்தும் இல்லை, தண்ணீரை மாற்றத்தான் வேண்டும். பாதியை இறக்கி, மென்மையான தண்ணீர் விடுங்கள். லாரியில் வரும் ஆற்றுத் தண்ணீரை விலை பேசும் முன் ஒரு பாட்டில் வாங்கிச் சோதியுங்கள். தாமிரபரணித் தண்ணீர் என்று சொல்லி வரும் எல்லா லாரியும் ஆற்றிலிருந்து வருவதில்லை. கடினத்தன்மையும் காரத்தன்மையும் 60 அளவில் இருந்தால், பாதி மாற்றியதும் உங்கள் கடினத்தன்மை 455, காரத்தன்மை 160 ஆகும்.

குளத்தை முழுதாகக் காலி செய்யாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் நிலத்தடி நீர் ஏறியிருக்கும்போது காலிக் குளத்தை அது அடியிலிருந்து தள்ளும், தளம் வெடிக்கும். சித்திரை வெயிலில் காலி செய்தால் பூச்சு காய்ந்து பிளக்கும். பாதிப் பாதியாக மாற்றுவதே நல்லது.

பிறகு காரத்தன்மையை 160-லிருந்து 80-க்கு இறக்க வேண்டும். 30 முதல் 33 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் 10,000 லிட்டருக்கு 200 மி.லி. விட்டால் 10 பி.பி.எம். குறையும். உங்களுக்கு மொத்தம் 6.7 லிட்டர். ஒரே நாளில் அல்ல. மோட்டார் ஓடும்போது, 10 லிட்டர் குளத்துத் தண்ணீர் உள்ள வாளியில் 600 மி.லி. அமிலத்தை ஊற்றி, தண்ணீர் உள்ளே திரும்பும் குழாய் வாயருகே மெதுவாக விடுங்கள். கடப்பா ஓரத்தில் ஒரு சொட்டும் விழக்கூடாது. நான்கு மணி நேரம் கழித்து பி.எச். பாருங்கள். 7.2-க்குக் கீழே போக விடாதீர்கள். போனால் தண்ணீருக்குள் இருக்கும் சிமெண்டையும் கடப்பாவையும் அதுவே தின்னும். வடக்குச் சுவர் அருவியை ஓடவிட்டால் காரத்தன்மை மாறாமல் பி.எச். மட்டும் ஏறும். 7.6-ஐத் தொட்டதும் அடுத்த 600 மி.லி. இரண்டு வாரத்தில் முடியும்.

அதன் பின் கணக்கு: 7.4 + 0.7 + 2.25 + 1.9 − 12.2 = 0.05. இங்கே நிறுத்தி வைத்துக்கொள்ளலாம்.

அமிலம் வாங்கப் போகும்போது அடையாள அட்டை எடுத்துச் செல்லுங்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு உரிமம் உள்ள கடைகளில் பதிவேட்டில் எழுதித்தான் கொடுக்க வேண்டும்.

வள்ளியூர் தோட்டம்

மூணு பேருக்கும் ரொம்ப நன்றி. எலுமிச்சைச் சோதனை செஞ்சேன். கடப்பாவில் வட்டம் விழுந்துது, கிரானைட்டில் ஒண்ணுமில்லை. மணற்கல் துண்டை நேரா ஆசிட்டிலயே முக்கிப் பார்த்தேன்: பொங்கலை, ஆனா ஒரு மணி நேரத்தில் மஞ்சள் கல் செங்காவி நிறமாயிட்டுது.

மூணு கேள்வி பாக்கி. ஈடு செய்யும் தண்ணிக்கு தினமும் லாரி கட்டுப்படியாகாது, சாஃப்ட்னர் (கடினத்தன்மையை எடுக்கிற கருவி) வைக்கலாமா? மணற்கல் சுவரை என்ன செய்ய? எல்லாத்துக்கும் மேல சீலர் (கல்லுக்குள் தண்ணி இறங்காம தடுக்கிற பூச்சு) அடிச்சா திரும்ப வராதுன்னு ஒருத்தர் சொல்றார், அது சரியா?

நீர்ச்சோதனை

சாஃப்ட்னர் வைக்கலாம். குளத்துக்கு ஈடு விடும் குழாயில் மட்டும் வையுங்கள். ஒரு லிட்டர் ரெசின் (சுண்ணாம்பைப் பிடிக்கும் மணிகள்) 50 கிராம் கடினத்தன்மையைப் பிடிக்கும் என்று வைத்தால், 25 லிட்டர் ரெசின் உள்ள தொட்டி 1,250 கிராம் பிடிக்கும். தினம் 133 கிராம் என்றால் ஒன்பது நாளுக்கு ஒரு முறை உப்புக் கரைசல் விட்டுப் புதுப்பிக்க வேண்டும், ஒவ்வொரு முறையும் 3 கிலோவுக்கு மேல் கல்லுப்பு ஆகும். அந்தக் கழிவு உப்புத் தண்ணீரைத் தோட்டத்தில் விட முடியாது, அதற்கு வழி இருந்தால் மட்டும் வாங்குங்கள். சாஃப்ட்னர் காரத்தன்மையைக் குறைக்காது என்பதையும் நினைவில் வையுங்கள். மாதாமாதம் கொஞ்சம் அமிலம் விட்டுக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

அதைவிட எளிய வழி கூரை. 140 சதுர மீட்டர் கூரையில் 100 மி.மீ. மழை பெய்தால் 14,000 லிட்டர், சிதறல் போக 11,000 கைக்கு வரும். வடகிழக்குப் பருவமழையில் முதல் மழையைக் கழித்துவிட்டு, மணல், கரி வடிகட்டி வழியாகத் தொட்டியில் பிடித்து வையுங்கள். மழைநீரின் கடினத்தன்மை கிட்டத்தட்ட பூஜ்ஜியம். உங்கள் ஈட்டுக்கு அது ஏறக்குறைய இரண்டு மாதம் வரும். இரவில் குளத்தை மூடி வைத்தால் இன்னும் நீளும்.

ப்ளீச்சிங் பவுடருக்குப் பதில் திரவ சோடியம் ஹைப்போகுளோரைட்டுக்கு மாறுங்கள், அதில் சுண்ணாம்பு இல்லை. குளோரின் மாத்திரையாக வரும் டி.சி.சி.ஏ.-விலும் சுண்ணாம்பு இல்லை, ஆனால் அது குளோரினின் வேகத்தைக் குறைக்கும் சயனூரிக் அமிலத்தைத் தண்ணீரில் சேர்த்துக்கொண்டே போகும். எதற்கு மாறினாலும் பழைய பவுடர் ஒட்டிய டப்பாவில் புதியதைப் போடாதீர்கள், டி.சி.சி.ஏ.-வும் ப்ளீச்சிங் பவுடரும் கலந்தால் தீப்பிடிக்கும்.

கொத்துவேலை, நாங்குநேரி

சுவர் விஷயம் வேற அண்ணாச்சி. இணைப்புலருந்து ஒழுகுற வெள்ளை குளத்துத் தண்ணியில உள்ள உப்பு மட்டும் இல்ல. கல்லுக்குப் பின்னால தண்ணி போயி, ஒட்டுக் கலவையில உள்ள சுண்ணாம்பைக் கரைச்சு, இணைப்பு வழியா வெளிய கொண்டு வருது. காத்துப் பட்டதும் அது கெட்டியாகுது. முன்னால எத்தனை தடவை சுரண்டினாலும் பின்னால இருந்து வந்துக்கிட்டேதான் இருக்கும்.

உறுதி பண்ணிக்க, அருவியை ஒரு வாரம் நிறுத்திச் சுவரைக் காயவிடுங்க. அப்புறம் மேல் தொட்டியில மட்டும் தண்ணி நிரப்பி, வழிய விடாம வச்சு, ஓரடிச் சதுரப் பிளாஸ்டிக் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவர்ல ஒட்டுங்க. மறுநாள் தாளுக்கு உள்பக்கம் வியர்த்திருந்தா தொட்டி கசியுது. பெரும்பாலும் தொட்டி வாயில, தண்ணி வழியுற உதட்டுக் கல்லுக்கு அடியிலதான் ஓட்டை இருக்கும். அங்க வாட்டர்புரூஃபிங் பூச்சு கல்லுக்கு முன்னாடியே நின்னுபோயிருக்கும், கல்லுக்கு அடியில போயி மறுபக்கம் இறங்கியிருக்காது.

உதட்டுக் கல்லைப் பேத்து எடுத்து, தொட்டிக்குள்ளயும் உதட்டுலயும் தொடர்ச்சியா ரெண்டு கோட் சிமெண்ட்-பாலிமர் பூச்சு அடிச்சு, மூலையில நார்த்துணி வச்சு, அது காய்ஞ்ச பிறகு தொட்டியை மூணு நாள் நிரப்பி வச்சுப் பாருங்க. மட்டம் இறங்குறது ஆவியாகுற அளவுக்கு மேல போகாட்டா கல்லைத் திரும்ப ஒட்டலாம். சுவர் இணைப்புகளை 10 மி.மீ. ஆழத்துக்குக் கொத்தி எடுத்து எப்பாக்சி கிரவுட் (இணைப்பை அடைக்கிற பிசின் கலவை) போடுங்க. கல் முகத்துல எப்பாக்சி பட்டா உடனே துடைக்கணும், காய்ஞ்சா மணற்கல்லுல போகவே போகாது.

வெள்ளையை எடுக்கும்போது முதல்ல நனைக்காதீங்க. மாவு மாதிரி உதிர்ற உப்பு தண்ணியில கரைஞ்சு கல்லுக்குள்ளயே திரும்பப் போயிரும். காய்ஞ்ச பிரஷ்ஷால கூட்டி எடுத்துட்டு, கெட்டியா நிக்கிறதை மட்டும் நனைச்சு மூங்கில் சிம்பால சுரண்டுங்க. உங்க துண்டு செங்காவி ஆனதுலருந்தே தெரியுது, கல்லுல இரும்பு இருக்கு. ஆசிட் எதுவும் அந்தச் சுவர்ல படக்கூடாது.

சீலர் இப்போ அடிக்கவே அடிக்காதீங்க. பின்னால ஈரம் இருக்கும்போது முகத்தை அடைச்சா, உப்பு வெளிய வர முடியாம கல்லோட தோலுக்கு அடியில பூத்து, தோலையே பொரிப் பொரியாத் தள்ளிரும். கசிவு நின்னு, சுவர் காய்ஞ்சு, பிளாஸ்டிக் தாள் ரெண்டு தடவை வறண்டு வந்த பிறகுதான் அடிக்கலாம். அதுவும் உள்ள இறங்குற சைலேன்-சைலாக்சேன் வகைதான். மேல படலமா நிக்கிற பளபளப்பு லாக்கர் வேண்டாம். கடப்பாவுக்கும் இதே வகை, கழுவி மூணு நாள் காய்ஞ்ச பிறகு. அடிச்சாலும் தண்ணி மட்டத்துல பத்து வரத்தான் செய்யும், ஆனா கல்லுக்குள்ள பிடிக்காம மேலோட நிக்கும். வாரம் ஒரு தடவை ஈரத்துணியால ஒரு சுத்துத் துடைச்சா வந்துரும், கெட்டிப்பட விட்டாத்தான் மறுபடி பிளேடு எடுக்கணும்.

கல் பாலிஷ், பாளை

வேலை வரிசையையும் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி. முதல்ல கொத்துவேலை, அப்புறம் பாலிஷ். எப்பாக்சி ஓரக்கல்லுல ஒழுகுனா மெஷின்லயே போயிரும். தண்ணி மாத்துறதைப் பாலிஷ் சேறு எல்லாம் கழுவி எடுத்த பிறகு வைங்க. எப்படியும் பாதியை இறக்கத்தான் போறீங்க, சுரண்டுன தூளும் அதோட வெளிய போயிரும். ஃபில்டரை அன்னைக்கே ஒரு தடவை பேக்வாஷ் பண்ணிட்டு, மணல் கட்டி பிடிச்சிருக்கான்னு மூடியைத் திறந்து கைவிட்டுப் பாருங்க. கட்டி பிடிச்சிருந்தா மணலையும் மாத்திருங்க.